இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் ஜூட் பெல்லிங்கமை அவருடைய 16 வயதில் நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பர்மிங்காமிலிருந்து:

இன்று ரியல் மாட்ரிட் ஜெர்சியில் அவரைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது அரதப் பழசாக இருக்கலாம். ஆனாலும் ஆரம்பிக்கிறேன், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

2019 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பர்மிங்காம் சிட்டிக்கும் ஸ்டோக் சிட்டிக்கும் ஆட்டம். என் இருக்கைக்குப் பக்கத்தில் வழக்கமாக ஒரு பெரியவர் உட்காருவார். எழுபது வயதுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். பேச்சு குறைவு, முணுமுணுப்பு அதிகம். முதல் பாதியிலேயே எங்கள் ஆட்டக்காரர் ஹெஃபர்சன் மொன்டேரோ காயத்தோடு வெளியேற, பதிலுக்கு 22-ஆம் எண் போட்ட ஒரு பையன் உள்ளே வந்தான். ஒல்லியான உடம்பு, நீளமான கால்கள். "ஸ்கூல் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறான்" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். எதிராளி முதுகில் ஏறினால் அந்த எடையையே பயன்படுத்திக்கொண்டு சுழன்று வெளியே வந்துவிடுகிறான். பெரிய வித்தை எதுவும் இல்லை. பந்து கால்மாறும்போது கைகொட்டிக் கேட்கிறான், அதுவும் முப்பது வயது ஆட்களிடம்! இரண்டாம் பாதியில் அவன் அடித்த பந்து ஒரு ஸ்டோக் ஆட்டக்காரர் மீது பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. 2-1. கிளப் வரலாற்றிலேயே மிக இளைய வயதில் கோல் போட்டவர் என்ற பெயர் அன்றைக்கு அவருக்கு வந்தது: 16 வயது 63 நாள்.

பக்கத்துப் பெரியவர் எழுந்து நின்றார். கைதட்டவில்லை. "ட்ரெவர்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். 1970-இல் 16 வயதில் இதே கிளப்புக்கு ஆட வந்த ட்ரெவர் ஃபிரான்சிஸைச் சொல்கிறார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இன்னும் 16 வயதிலேயே, போல்டனுக்கு எதிராக நாலு கோலையும் தனியாளாகப் போட்டவர் அவர். பின்னால் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரரும் அவர்தான். அவருடைய பெயரை அந்த ஊர்க்காரர்கள் சும்மா எடுக்கமாட்டார்கள்.


போர்ட்ஸ்மத்திலிருந்து:

நீங்கள் பார்த்தது மூன்றாவது ஆட்டம். நான் பார்த்தது முதலாவது!

அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்தேன். 2019 ஆகஸ்ட் 6, லீக் கோப்பை முதல் சுற்று, போர்ட்ஸ்மத் அணியின் மைதானமான ஃப்ராட்டன் பார்க். சக மாணவன் ஒருவன் வரமுடியாமல்போய் அவனுடைய டிக்கெட் எனக்குக் கிடைத்தது. பர்மிங்காம் பல மாற்றங்களோடு வந்தார்கள், எங்கள் ஊர் 3-0 என்று ஜெயித்தது. எனக்கோ ஜெயித்ததைவிட, தோற்ற பக்கத்து 16 வயதுப் பையன்தான் நினைவில் நிற்கிறான். 16 வயது 38 நாள். கிளப்புக்கு ஆடிய மிக இளையவர் என்ற ட்ரெவர் ஃபிரான்சிஸின் 49 வருடச் சாதனை அன்றைக்கு உடைந்தது என்பதை மறுநாள்தான் படித்தேன். மைதானத்தில் இருந்தபோது அதெல்லாம் தெரியாது.

கவனித்தது ஒன்றுதான். அணி மூன்று கோல் வாங்கிய பிறகும் அவன் ஒளிந்துகொள்ளவில்லை. தோற்கும் அணியில் சின்னப் பையன்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எதிராளிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள், பந்து வராத இடமாகப் பார்த்து. நானே கல்லூரி அணியில் அதைத்தான் செய்தேன். இவன் ஒவ்வொரு முறையும் பந்து வரும் பாதையில் வந்து நின்றான்.


தென்கிழக்கு லண்டனிலிருந்து:

என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள்.

நான் சார்ல்டன் ஆதரவாளன். வீட்டிலிருந்து தி வேலி மைதானத்துக்கு ஒரே பஸ், அதனால் வந்த வினை. 2019 செப்டம்பர் 14. அதுவரை எங்கள் அணி லீக்கில் தோற்கவே இல்லை. கீழ் டிவிஷனிலிருந்து அப்போதுதான் மேலே வந்திருந்தோம், ஊரே குஷியாக இருந்தது. அன்றைக்குத்தான் பெல்லிங்கமுக்கு லீக்கில் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆட வாய்ப்பு. ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. 0-1. வீட்டுக்கு வரும்போது, "சரி, ஒரு தோல்விதானே" என்று என் மகளிடம் சொன்னேன்.

அடுத்த ஜூலையில் பருவம் முடிந்தபோது பட்டியலைப் பாருங்கள்: பர்மிங்காம் 50 புள்ளி, பார்ன்ஸ்லி 49, சார்ல்டன் 48. கீழ் டிவிஷனுக்கு இறங்கியது நாங்கள். அந்த ஒரு கோல் இல்லாமல் 0-0 என்று முடிந்திருந்தால் எங்களுக்கு 49, பர்மிங்காமுக்கு 48. கோல் வித்தியாசத்தில் நாங்கள் பார்ன்ஸ்லியைவிட மேல். ஆக, இறங்கியிருக்க வேண்டியது பர்மிங்காம்தான்! 46 ஆட்டம் கொண்ட பருவத்தில் ஒரே ஒரு கோல் மேல் பழிபோடுவது நியாயமில்லை என்று என் மகள் சொல்கிறாள். அவளுக்குக் கணக்கு வராது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.


வுல்வர்ஹாம்டனிலிருந்து:

எல்லாரும் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

என் மச்சான் பர்மிங்காம் சிட்டி பைத்தியம். அந்தக் குளிர்காலத்தில் அவரோடு நாலைந்து ஆட்டத்துக்குப் போனேன். பயிற்சியாளர் பெப் க்ளோட்டெட் அந்தப் பையனைப் பெரும்பாலும் ஓரத்தில் ஆடவிட்டார். பல ஆட்டங்களில் ஓடினான், டேக்கிள் போட்டான், மஞ்சள் அட்டை வாங்கினான், அவ்வளவுதான். அந்தப் பருவம் முழுக்க 44 ஆட்டத்தில் நாலு கோல். நானும் மச்சானிடம், "நல்ல பையன், ஆனால் கொஞ்சம் ஊதிப் பெருக்குகிறீர்கள்" என்றேன். அதை இன்றுவரை குடும்ப விசேஷம் ஒவ்வொன்றிலும் சொல்லிக் காட்டுகிறார்.

நான் தவறவிட்டது அந்த 44 என்ற எண்ணை. இங்கிலாந்தில் 17 வயதுக்கு முன்னால் தொழில்முறை ஒப்பந்தமே போட முடியாது. அதாவது சனி, செவ்வாய் என்று மாறி மாறி வளர்ந்த ஆண்களோடு மோதிய அந்தப் பருவம் ஏறக்குறைய முழுவதும் அவர் கணக்கில் ஒரு பயிற்சி மாணவர்தான். கோலை எண்ணிக்கொண்டிருந்த நான், விழுந்து எழுந்து மறுபடி அடுத்த ஆட்டத்துக்கு வந்துநின்றதை எண்ணவில்லை.


ஸ்டூர்பிரிட்ஜ் பக்கத்திலிருந்து:

நான் பார்த்தது மகனை இல்லை, அப்பாவை. எழுதலாமா?

மார்க் பெல்லிங்கம் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸில் சார்ஜென்டாக இருந்தவர். வார இறுதியில் ஹேல்சோவன், லெமிங்டன் போன்ற கீழ்மட்ட லீக் அணிகளுக்கு ஸ்ட்ரைக்கர். நூற்றுக்கணக்கில் கோல் போட்டவர். அந்த மாதிரி மைதானங்களுக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு தகரக் கூரை, ஒரு டீக்கடை ஜன்னல், வேலியில் சாய்ந்து நிற்கும் இருநூறு பேர். ஆட்டக்காரர் திட்டினால் நமக்குக் கேட்கும், நாம் திட்டினால் அவருக்கும் கேட்கும். நான் வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை மழையில் மார்க்கைப் பார்த்தேன். பெரிய உருவம். பந்து எங்கே விழும் என்று மோப்பம் பிடிப்பதுபோல நிற்பார்.

ஜூட் 2003 ஜூன் 29-ஆம் தேதி ஸ்டூர்பிரிட்ஜில் பிறந்தவர். ஏழு வயதுவாக்கில் பர்மிங்காம் சிட்டி அகாடமிக்குப் போய்விட்டார். வளர்ந்தது பக்கத்து ஹாக்லியில். இந்தப் பகுதிக் கிராமங்களில் வேலியோரம் நின்று ஆட்டம் பார்த்தவர்களுக்கு அவர் பந்தைக் கைகொட்டிக் கேட்பது ஒன்றும் புதிதாகத் தெரியாது. அது கீழ்மட்ட லீக் பழக்கம். அங்கே கேட்காதவனுக்குப் பந்து கிடைக்காது.


மறுபடி பர்மிங்காமிலிருந்து:

ஸ்டூர்பிரிட்ஜ் நண்பரே, இதை எதிர்பார்க்கவே இல்லை. நன்றி!

22 என்ற எண்ணின் கதையையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். அகாடமியில் இவரை எந்த இடத்துக்குப் பழக்குவது என்ற கேள்வி வந்திருக்கிறது. தற்காப்புக்கு முன்னால் நிற்கும் 4-ஆம் எண் வேலை, மேலும் கீழும் ஓடும் 8-ஆம் எண் வேலை, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் விளையாடும் 10-ஆம் எண் வேலை, மூன்றுமே இவருக்கு வரும் என்றார் பயிற்சியாளர் மைக் டாட்ஸ். 4, 8, 10 மூன்றையும் கூட்டினால் 22.

2020 மார்ச்சில் கோவிட் வந்து எல்லாம் நின்றது. அதற்குச் சற்று முன்புதான் மான்செஸ்டர் யுனைடெட் அவரைத் தங்கள் பயிற்சி மைதானத்துக்கு வரவழைத்திருந்தது. அலெக்ஸ் ஃபெர்குசனே வந்து பேசினார் என்ற செய்தியும் வந்தது. அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, பையன் தங்கமாட்டான் என்று. கிளப்பின் நிலைமையும் அப்படி. முந்தைய ஆண்டுதான் வரவு செலவு விதிகளை மீறியதற்காக 9 புள்ளி கழிக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் இருக்கும் கிளப் எதை விற்கும்? கையில் இருப்பதிலேயே நல்லதைத்தான்.

ஜூன் மாதம் காலி மைதானத்தில் ஆட்டங்கள் தொடங்கின. அதன்பிறகு ஒரு ஆட்டம்கூட நாங்கள் ஜெயிக்கவில்லை. ஜூலை 22, கடைசி ஆட்டம், டெர்பி கவுண்டியிடம் 3-1 தோல்வி. நான் சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பார்த்தேன். சார்ல்டன் அண்ணா மன்னிக்க வேண்டும், தோற்றும் தப்பித்தோம். பெல்லிங்கம் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கிளப்புக்குப் போவது இரண்டு நாள் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. முதற்கட்டமாக 2.5 கோடி பவுண்டு. அவரை வழியனுப்ப ஒரு ஆள்கூட கேலரியில் இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

மறுநாள் கிளப் 22-ஆம் எண்ணை இனி யாருக்கும் தரப்போவதில்லை என்று அறிவித்தது. ஒரே பருவம் ஆடிய 17 வயதுப் பையனுக்காகவா! நாடே சிரித்தது. என் அலுவலகத்தில் எங்கள் ஊர்ப் போட்டி அணியான ஆஸ்டன் வில்லாவின் ஆதரவாளர்கள் ஒரு வாரம் என்னைச் சும்மா விடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. அவர் எங்கே போய்ச் சேருவார் என்று யாருக்கும் தெரியாதபோது எடுத்த முடிவு அது. பின்னால் சரியாகிப்போனது கிளப்பின் அதிர்ஷ்டம்.


டோர்ட்முண்டிலிருந்து:

நாங்கள் இங்கே 25 வருடமாக இருக்கிறோம். பிள்ளைகள் மஞ்சள் ஜெர்சியோடுதான் வளர்ந்தவர்கள். இங்கிலாந்திலிருந்து 17 வயதுப் பெடியன் வருகிறான், இவ்வளவு காசாம் என்று கேட்டபோது, எங்கள் கடையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். முதல் ஆட்டம் 2020 செப்டம்பர் 14, ஜெர்மன் கோப்பை, டுய்ஸ்பர்க் அணிக்கு எதிராக. 5-0, அதில் ஒன்று இவருடையது. டோர்ட்முண்டுக்காகக் கோல் போட்டவர்களில் அன்றைக்கு இவரே ஆக இளையவர். ஐந்து நாள் கழித்து மென்ஷென்கிளாட்பாக் அணிக்கு எதிராக முதல் கோலுக்கு சக ஆட்டக்காரர் ஜோ ரெய்னாவுக்குப் பந்து கொடுத்ததும் இவர்தான்.

ஆனால் முதல் பருவம் பெரும்பாலும் ஆக்கள் இல்லாத மைதானம். தெற்குக் கேலரியில் மட்டும் 25,000 பேர் நின்று பாடுகிற ஊரில், டிவியில் ஆட்டக்காரர் கத்துவது கேட்டது! அதில் கூடுதலாகக் கேட்டது இந்தப் பெடியனின் குரல். மனைவி குசினியிலிருந்து, "யார் அது, இவ்வளவு சத்தம்?" என்று கேட்டா.

தாயார் அவரோடு இங்கே வந்து இருந்தா, தகப்பன் தம்பி ஜோபோடு இங்கிலாந்தில் நின்றார். குடும்பம் இரண்டு நாட்டில் பிரிந்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை, அதனாலோ என்னவோ அந்தப் பெடியன் மீது எங்கள் வீட்டில் ஒரு தனிப் பாசம். அதே நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்து அணிக்கும் ஆடிவிட்டார், 17 வயதில். என் மகன் அன்று இங்கிலாந்துக்குக் கைதட்டினான். எங்கள் வீட்டில் அது முதல் தடவை, கடைசித் தடவையும்கூட.


பர்மிங்காமிலிருந்து, கடைசியாக ஒன்று:

தம்பி ஜோபையும் 2022 ஜனவரியில் எங்கள் அணிக்கு இறங்கிய நாளில் பார்த்தேன். கிளப்புக்காக ஆடியவர்களில் அண்ணனுக்கு அடுத்தபடி இளையவர். ட்ரெவர் ஃபிரான்சிஸ் மூன்றாவது இடத்துக்குப் போனார். பக்கத்துப் பெரியவரிடம் அதைச் சொன்னேன். "ட்ரெவர் நாலு கோல் போட்டார்" என்றார், வேறு பேச்சே இல்லை.

ஒரு உதவி. அந்த ஸ்டோக் ஆட்டத்தன்று வாங்கிய நிகழ்ச்சிப் புத்தகத்தை வீடு மாற்றும்போது தொலைத்துவிட்டேன். யாரிடமாவது கூடுதலாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். காபிக் கறை இருந்தாலும் பரவாயில்லை, என்னுடையதிலும் இருந்தது.