பத்தாவதுக்குப் பிறகு ஐடிஐயா, டிப்ளமோவா? ரயில்வே சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம்?

கேள்வி: படிப்பைப் பொறுத்து எவ்வளவு மாறும்?

பதில் 1: ஏழாவது ஊதியக்குழுப்படி, ஐடிஐ முடித்து உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) ஆனால் ஊதிய லெவல் 2, அடிப்படைச் சம்பளம் மாதம் 19,900 ரூபாய். மூன்று வருட டிப்ளமோவோடு ஜூனியர் இன்ஜினியர் என்றால் லெவல் 6, 35,400. முதல் இன்கிரிமென்ட்டில் அது 20,500, இது 36,500. அகவிலைப்படி அடிப்படையின் சதவீதம்தான், அதனால் இடைவெளி இன்னும் விரியும்.

பதில் 2: முழுக்கணக்கு இல்லையே! லோகோ பைலட்டுக்கு ஓடும் கிலோமீட்டருக்கு தனி அலவன்ஸ் உண்டு. ஆனால் ஏ-1 மருத்துவத் தகுதி (மிகக் கடுமையான பார்வைத் தரம்) கேட்பார்கள். கண்ணாடி, லேசிக் (லேசர் கண் சிகிச்சை), நிறக்குருடு இருந்தால் தகுதி அடிபடும். கண்ணை முதலில் சோதிங்க.

பதில் 3: பி.இ. முடித்து அதே ஜூனியர் இன்ஜினியர் பதவிக்கு வந்தாலும் தொடக்கம் அதே 35,400தான்.