பழைய வீட்டுச் சாமானோடு மான் கொம்பு, பாடம் செய்த தலை: வாங்கி விற்கலாமா? உதவி தேவை

பெரம்பூர்_பழையமரம்:
வணக்கம். பெரம்பூரில் பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். தேக்கு பீரோ, ஈட்டி மர மேசை, பெல்ஜியம் கண்ணாடி, இதுதான் தொழில். இங்கே ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பெரியவர் காலமாகிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசிவிட்டார்.

கூடத்துச் சுவரில் பலகையில் பொருத்திய புள்ளிமான் கொம்பு இரண்டு ஜோடியும், பாடம் செய்த காட்டெருமைத் தலை ஒன்றும் இருக்கின்றன. தலையின் பின்னால் மைசூர் வான் இங்கன் (விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்த பழைய நிறுவனம்) என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. படம் பார்த்த ஒருவர் போனில் நல்ல விலை சொல்கிறார். "சுதந்திரத்துக்கு முந்தின பொருள், சட்டம் எதுவும் செல்லாது, பார்சலில் அனுப்புங்கள்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டப்படி விற்க வழி உண்டா? இல்லை என்றால் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? வியாழக்கிழமை சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி சொல்லியிருக்கிறேன், அதற்குள் தெரிந்தால் நல்லது.

ஓட்டேரி_அண்ணாச்சி:
தம்பி, மான் வருஷா வருஷம் கொம்பை உதிர்க்கும். உதிர்ந்ததைப் பொறுக்கினால் என்ன குற்றம்? அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட்டில் கத்திப் பிடி, பொத்தான் எல்லாம் மான் கொம்பில்தான் விற்றார்கள். கொம்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தலையை விட்டுவிடுங்கள்.

வண்ணை_வக்கீல்:
அண்ணாச்சி சொல்வது பழைய காலத்துக்குச் சரி. இன்றைக்கு அதைக் கேட்டு நடந்தால் தம்பி நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொம்பு, எலும்பு, ஓடு, தோல், நகம், பல், முடி, இறகு என்று விலங்கின் எந்த உறுப்பைப் பதப்படுத்தி வைத்திருந்தாலும் அது ஒரே வகைக்குள் வந்துவிடும். சுட்டு எடுத்ததா, தானாக உதிர்ந்ததா என்று சட்டம் பிரிக்கவில்லை. கொம்பின் அடியில் மண்டை எலும்புத் துண்டு ஒட்டியிருந்தால் கொன்ற மானிலிருந்தோ செத்த மானிலிருந்தோ எடுத்தது. அடிப்பாகம் சொரசொரப்பான வளையத்தோடு முடிந்திருந்தால் உதிர்ந்தது. பலகையில் பொருத்தியவற்றில் பெரும்பாலும் எலும்போடுதான் இருக்கும். எதுவாக இருந்தாலும் விற்க முடியாது.

"பழசு, சட்டம் செல்லாது" என்பது சுத்தப் பொய். சட்டம் வந்தபோது பழைய பொருள் வைத்திருந்தவர்கள் அறிவித்துவிட்டு உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். அப்போது விட்டவர்களுக்காக 2003இல் இன்னொரு முறை 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் முடிந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. சான்றிதழ் இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம், வாரிசுக்குப் போகலாம், அவ்வளவுதான். 2002இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழோடுகூட விற்க முடியாது. இதைத்தான் நிறையப் பேர் தெரியாமல் "சான்றிதழ் இருக்கிறது, விலை சொல்லுங்கள்" என்று இணையத்தில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

காட்டெருமை முதல் அட்டவணை விலங்கு, அதாவது சட்டம் அதிகப் பாதுகாப்பு கொடுக்கும் பட்டியலில் இருப்பது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பொருள் உங்கள் கையில் இருந்தது என்று நிரூபணமானால், முறையாக வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில்தான். "வீட்டுச் சாமானோடு வந்தது" என்று வாயால் சொன்னால் போதாது.

அதனால் முதல் வேலை, அவற்றை வண்டியில் ஏற்றாதீர்கள். ஏற்றி உங்கள் கடையில் இறக்கிவிட்டால் அடுத்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டியவர் நீங்கள். இப்போது அது அந்த அம்மாவின் வீட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். இரண்டாவது, பெரியவர் சான்றிதழ் ஏதாவது வாங்கியிருக்கிறாரா என்று பழைய காகிதங்களில் தேடச் சொல்லுங்கள். மூன்றாவது, போன் செய்த ஆளுக்குப் பதில் சொல்லாதீர்கள், அவர் அனுப்பிய செய்தி எதையும் அழிக்கவும் வேண்டாம்.

காசிமேடு_வலைக்காரன்:
வக்கீல் சார் சொல்வதை நான் கடல் பக்கமிருந்து சொல்கிறேன். திமிங்கலம் கக்கிய அம்பர் (வாசனைத் திரவியத்துக்குப் போகும் மெழுகு மாதிரிப் பொருள்) கரையில் ஒதுங்கினால் "நான் பிடிக்கவில்லை, மிதந்து வந்தது" என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தரகன் கோடிக்கணக்கில் விலை சொல்வான். கடைசியில் பிடிபடுவது பொறுக்கினவன்தான், தரகன் போன் அணைந்திருக்கும். கடல் அட்டை, கடல் குதிரையும் அப்படித்தான், 2001இலிருந்து சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. வலையில் தானாக மாட்டினது என்றாலும் விற்கக் கூடாது. உயிரோடு இருந்தால் கடலில் விட வேண்டியதுதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது போலீஸ் வந்து நிற்பதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன் தம்பி. விலையைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம்.

மிச்சிகன்_தமிழன்:
ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. நான் இருக்கும் ஊரில் உரிமம் வாங்கி வேட்டையாடுகிறவர்கள், பொறி வைக்கிறவர்கள் ரக்கூன், பீவர் தோலை ஏலத்தில் விற்கிறார்கள். பீவரின் வாசனைச் சுரப்பியைக்கூட உலர்த்தி விற்கிறார்கள், பொறியில் மணம் காட்டவும் வாசனைத் திரவியத்துக்கும் போகிறது. உதிர்ந்த மான் கொம்பு நாய் கடிப்பதற்குக் கடையிலேயே கிடைக்கிறது. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

வண்ணை_வக்கீல்:
நல்ல கேள்வி. அங்கேயும் எல்லாவற்றையும் விற்க முடியாது, அக்கம் பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். வேட்டையாடிய மானின் இறைச்சியை விற்க முடியாது. வலசைப் பறவைகளின் இறகு 1918ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகிறது, கீழே கிடந்ததை எடுத்து வைத்துக்கொள்வதே தவறு. காட்டுப்பூனை, நீர்நாய்த் தோல் ஏற்றுமதிக்கு அடையாளச் சீட்டு வேண்டும். ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறி எடுத்ததை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பினால் 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் பாயும். அங்கே உரிமம், பருவம், எண்ணிக்கை என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். நம் நாட்டில் 1972க்குப் பிறகும் சில விலங்குகளுக்கு உரிமத்தோடு வேட்டை இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். வேட்டை இல்லாத நாட்டில் புதிதாகச் சந்தைக்கு வரும் கொம்பு எங்கிருந்து வரும் சொல்லுங்கள்? விற்பனையைத் திறந்துவிட்டால் நேற்று சுட்ட கொம்பும் தாத்தா காலத்துக் கொம்பு என்றுதான் வரும். யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. என் வரையில் இந்தத் தடை நியாயமானது.

ஊருக்கு வரும்போது பரிசு என்று எதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். மிங்க், நரி, சின்சில்லா ரோமத்தோலும் ஊர்வனவற்றின் தோலும் இறக்குமதி செய்ய 2017இலிருந்து தடை.

பெரம்பூர்_பழையமரம்:
அனைவருக்கும் நன்றி. அந்த அம்மாவோடு உட்கார்ந்து தேடினோம். தகரப் பெட்டியில் எழுபதுகளில் கொடுத்த சான்றிதழ் கிடைத்தது. பெரியவர் பெயரில், காட்டெருமைத் தலைக்கும் ஒரு ஜோடி கொம்புக்கும். இன்னொரு ஜோடி அதில் இல்லை. அதே பெட்டியில் சுருட்டிய சிறுத்தைத் தோல் ஒன்றும் இருக்கிறது, அதுவும் சான்றிதழில் இல்லை. அம்மா ரொம்பப் பயந்துவிட்டார். அப்புறம் மயிலிறகு விசிறி இரண்டும், பெரியவர் படம் வரைந்த பழைய பிரஷ் ஒரு கட்டும் இருக்கின்றன.

வண்ணை_வக்கீல்:
பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தானாக முன்வந்து கொடுப்பதும் விற்கும்போது பிடிபடுவதும் ஒன்றல்ல. வாரிசு 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் அறிவித்திருக்க வேண்டும். அது தாண்டியிருந்தால் மறைக்காமல் அப்படியே கடிதத்தில் எழுதட்டும். சான்றிதழ் உள்ளதை ஒப்படைக்க 42ஏ பிரிவு இருக்கிறது, ஏழு வேலை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், இழப்பீடு கிடைக்காது. சிறுத்தைத் தோலும் மற்ற ஜோடியும் அந்தப் பிரிவில் வராது. அவற்றுக்காக ஏழு நாள் காத்திருக்க வேண்டாம், உடனே தெரிவிக்க வேண்டும். கிண்டியில் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு வழக்கறிஞரோடு போய், எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் படத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கச் சொல்லுங்கள். முத்திரை இல்லாமல் திரும்பி வரக் கூடாது.

மயிலின் தோகை இறகுக்கு மட்டும் உள்நாட்டில் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் தானாக உதிர்ந்ததாக இருக்க வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அம்மா நினைவாக எடுத்துச் செல்ல நினைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ராயபுரம்_ஓவிய_டீச்சர்:
பிரஷ்ஷைப் பற்றி நான் சொல்கிறேன். முடி வெளுப்பும் கருமையுமாக மாறி மாறிப் பட்டை பட்டையாக இருந்தால் கீரி முடியாக இருக்க வாய்ப்பு அதிகம். கீரியைக் கொன்றுதான் முடி எடுக்கிறார்கள், ஒரு கீரிக்குக் கொஞ்சம்தான் தேறும். 2019இல் ஆபரேஷன் கிளீன் ஆர்ட் என்று நாடு முழுக்கச் சோதனை நடத்தினார்கள். போர்டு எழுதுகிறவர்களும் என் மாணவர்களும் விவரம் தெரியாமல் இன்னமும் கேட்டு வாங்குகிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை. நைலான் முடி பிரஷ்ஷே நன்றாக வேலை செய்யும். அந்தக் கட்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் தம்பி.

பெரம்பூர்_பழையமரம்:
சரிங்க டீச்சர், சேர்த்துவிடுகிறோம். அம்மா கடிதம் எழுதிவிட்டார், நாளை வக்கீலோடு கிண்டிக்குப் போகிறார். நான் மரச்சாமான் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், விலையையும் அதற்கேற்பத் திரும்பப் பேசி எழுதிக்கொண்டோம். கடைசியாக ஒன்று: கொம்பு மாட்டியிருக்கும் பலகை நல்ல தேக்கு. கொம்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

வண்ணை_வக்கீல்:
கழற்றாதீர்கள் தம்பி. பலகையின் பின்பக்கம் ஊர், தேதி, எண் ஏதாவது எழுதியிருக்கும். சான்றிதழில் இருப்பது எந்த ஜோடி என்று அதை வைத்துத்தான் அதிகாரி பார்ப்பார். பலகையோடே போகட்டும். ரசீதில் உங்கள் கடைக்கு வரும் பீரோ, மேசை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்குங்கள். "இதர சாமான்கள்" என்று ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது.