தைப்பூச பன்டிங்: எஸ்விஜி-யைப் பிஎன்ஜி ஆக்கினால் எழுத்து உடைகிறது, படம் மங்குகிறது

கேள்வி (ஜார்ஜ்டவுன்)

வணக்கம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு 2 அடிக்கு 5 அடி பன்டிங் (தொங்கவிடும் நீளப் பதாகை). இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது 2.4 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வரைந்த எஸ்விஜி கோப்பு (படத்தைக் கோடு, வடிவங்களாகச் சேமிப்பது) இருக்கிறது. அச்சுக்கடையில் பிக்சல் புள்ளிகளால் ஆன பிஎன்ஜி அல்லது ஜேபெக் படம் கேட்கிறார்கள். இணைய மாற்றி ஒன்றில் போட்டால் படம் மங்கல். "வெற்றிவேல்" என்பதில் கொம்பு 'வ'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஜேபெக்கில் பின்னணி முழுக்கக் கறுப்பு. எழுத்துரு ஆப்பிள் மேக் கணினியில் வரும் இணைமதி. எதை எங்கே திருத்துவது?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்)

மங்கலுக்குக் காரணம் அளவுதான், தம்பி. எஸ்விஜி-யில் ஓர் அங்குலம் 96 பிக்சல். உங்கள் பக்கம் 2.4 அங்குலம் என்பதால் மாற்றி தந்தது சுமார் 230க்கு 576 பிக்சல். அதை 5 அடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

பன்டிங்கை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றுதான் படிப்பார்கள். முழு அளவில் 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 புள்ளி) தாராளம். நீங்கள் வரைந்தது பத்தில் ஒரு பங்கு, ஆகவே எக்ஸ்போர்ட் பெட்டியில் 1000 டிபிஐ கொடுங்கள். 2400க்கு 6000 பிக்சல் வரவேண்டும். சேமிக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். 'பேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டிராயிங்' என்று விட்டால் பக்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூமாலையும் சேர்ந்து அளவு மாறிவிடும். கடைக்காரர் 300 டிபிஐ கேட்டால் 7200க்கு 18000 பிக்சல், திறக்கும்போதே நினைவகத்தில் 500 எம்பிக்கு மேல் பிடிக்கும். பன்டிங்குக்கு அது வீண்.

கறுப்புப் பின்னணி: ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை கிடையாது, வெற்றிடத்தைச் சில மாற்றிகள் கறுப்பால் நிரப்பும். பக்க அளவுக்கு ஒரு வெள்ளைச் செவ்வகம் வரைந்து எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளிவிடுங்கள்.

பதில் (பட்டர்வொர்த்)

எழுத்து விஷயம் வேறு. யூனிகோடில் 'வெ' என்பது முதலில் வ, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது திரையில் எழுத்தை வரையும் நிரலின் வேலை. அந்த வேலையைச் செய்யாத மாற்றி, சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். இமேஜ்மேஜிக் என்ற படமாற்று நிரல் தன் உள்ளிருக்கும் எஸ்விஜி வரைவியை மட்டும் நம்பும்போதும் இதேதான்.

இன்னொன்று, இணைமதி மேக்கோடு வருவது. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தது. மாற்றியின் சர்வரில் அது இருக்காது, வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரி நீளமும் மாறும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி வகை எழுத்துருவாக இருந்தால் இன்னும் மோசம், ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

தீர்வு: கோப்பின் நகல் ஒன்றை வேறு பெயரில் சேமியுங்கள். நகலில், இணைமதி உள்ள அதே மேக்கில், எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. அதன் பிறகு எழுத்து வெறும் வடிவம், எந்தக் கணினியிலும் உடையாது. ஆனால் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, அதனால் மூலத்தை அழிக்காதீர்கள். வடிவங்களை ஒன்றாக்க வேண்டுமென்றால் 'யூனியன்' பயன்படுத்துங்கள். 'கம்பைன்' போட்டால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஓட்டை விழலாம்.

கேட்டவர்

நன்றி அண்ணா. 2400க்கு 6000 வந்துவிட்டது, கொம்பும் இடத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பலாமா?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்)

படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிஎன்ஜி-யில் வண்ணம் ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) ஆகத்தான் இருக்கும், சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நிறமுறை) கிடையாது. திரையில் பளிச்சிடும் காவி அச்சில் மங்கலாம். மொத்தமாக அடிக்கும் முன் ஒரு சிறு துண்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிடிஎஃப் வாங்குவார்களா என்றும் கேளுங்கள்; வாங்கினால் பிஎன்ஜி போன்ற பிட்மேப்பே தேவையில்லை.