1997 'பெர்ஃபெக்ட் டே': எல்லாரும் சேர்ந்து பாடினார்களே, அதை இன்னும் கேட்கிறவர்கள் உண்டா?

ஆரூரான்:
குழந்தைகளுக்கு உதவும் 'சில்ட்ரன் இன் நீட்' நிதிக்காக பிபிசி 1997 நவம்பரில் வெளியிட்ட 'பெர்ஃபெக்ட் டே' பாட்டைத்தான் சொல்கிறேன். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1972-இல் பாடிய பாட்டு. இதில் அவரே தொடங்கிவைக்க, போனோ, டேவிட் போவி, சூசன் வேகா, எல்டன் ஜான், டாம் ஜோன்ஸ் என்று ஒவ்வொருவராக வந்து பாடிவிட்டுப் போவார்கள். எவ்வளவு பெரிய ஆட்கள், ஆனால் ஒருவர்கூடத் தன் வித்தையைக் காட்டவில்லை, கிடைத்த அரை வரியை ஒழுங்காகப் பாடிவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு உயிர். ஆப்பரா பாடகி லெஸ்லி காரெட் உச்சத்தில் பாடி முடித்ததும் ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பர்னிங் ஸ்பியரின் குரல் வரும் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது என்றுதான் நினைப்போம், அப்படியே ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும்? நம் பக்கம் இப்படி ஏதாவது உண்டா?

குடந்தை ரசிகை:
எனக்கு போவி வரும் இடம்தான் அண்ணா. 1972-இல் இந்தப் பாட்டு வந்த லூ ரீட் ஆல்பத்தைத் தயாரித்ததே போவியும் அவருடைய கிதார்க்காரர் மிக் ரான்சனும்தான். 25 வருஷம் கழித்து அதே பாட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடுகிறார் என்று தெரிந்த பிறகு கேட்டால் தொண்டை அடைக்கிறது. அப்புறம் 'தி போக்ஸ்' குழுவின் பாடகர் ஷேன் மெக்கோவன். சின்ன வரிதான், மறக்கவே முடியாது.

காவேரிக்கரை:
நம் பக்கமா? திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை இருக்கிறதே! பகுள பஞ்சமி அன்று காலையில் பெரிய வித்வான்கள், நேற்று பாட வந்தவர்கள் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். 'பெர்ஃபெக்ட் டே'யில் ஆளுக்கொரு வரி, அங்கே எல்லாருக்கும் எல்லா வரியும். ஆனால் நான் என்கிறது கரைகிற இடம் இரண்டிலும் ஒன்றுதான்.

பேராவூரணி தம்பி:
காவேரிக்கரை ஐயா, அது பக்தி, இது நிதிக்காகப் பாடியது. இரண்டையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டு பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்து 20 லட்சம் பவுண்டுக்கு மேல் குழந்தைகளுக்குச் சேர்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் தென்னை வேரோடு கிடந்தது, வைத்த கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்த முகம் தெரியாதவர்களை மறக்க மாட்டேன். ஆனால் லாரிகள் சில வாரத்தில் நின்றுவிடும். ஒரு பாட்டு இருந்திருந்தால் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் எங்களை ஞாபகப்படுத்தியிருக்கும், கொஞ்சம் காசும் வந்திருக்கும். அடுத்த புயலுக்கு முன்பாவது நம் பாடகர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆரூரான்:
தம்பி சொல்வது சரி. அப்படி ஒன்று செய்தால் நாதசுரமும் தவிலும்தான் முதலில் ஒலிக்க வேண்டும். எங்கள் திருவாரூர்ப் பெரிய கோயிலின் பஞ்சமுக வாத்தியத்துக்கும் (ஐந்து முகம் கொண்ட தோல் கருவி) ஓர் இடம் வேண்டும். யாருக்கு எந்த வரி என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.