"எந்த வகையில பங்காளி?"

பென்னாகரத்தான்:
ஓசூர் சிப்காட்டில் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருப்பவன் மதுரைப் பக்கத்துக்காரன். வந்த முதல் வாரத்திலிருந்தே அவனுக்கு நான் 'பங்காளி'தான். எனக்கும் பழகிவிட்டது. போன மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். திண்ணையில் தாத்தா. இவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பங்காளி, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றான். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த தாத்தாவின் விரல் அப்படியே நின்றது. "எந்த வகையில பங்காளி?"

எங்கள் வீட்டில் பங்காளி என்றால் பெரிய தாத்தா வகையறா. கிணற்றில் பாதி, வரப்பில் ஒரு முழம், அதற்கொரு வழக்கு. சாவுக்குத் தீட்டுக் காக்கிறவர்கள். பெண் கொடுத்து எடுக்க முடியாது. இவன் விஷயம் புரியாமல், "சரி தாத்தா, அப்ப மச்சான்னு வச்சுக்கலாம்" என்றான். தங்கச்சி தண்ணிச் சொம்போடு வாசல்படியில் நிற்கிறாள்! தாத்தா கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "கூட்டாளின்னு சொல்லிட்டுப் போயேம்ப்பா" என்றார் மெதுவாக. அன்றிலிருந்து அவன் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். என் பேரே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்கிறது.

தேன்கனிக்கோட்டைக்காரி:
தாத்தா மேல் தப்பில்லை. நீங்கள் நடுவில் வாயைத் திறக்காமல் நின்றீர்களே, அதுதான் தப்பு. "அவன் ஊர்ல பிரியமா அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் கன்னடம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது தமிழ் அரைகுறை. டீச்சர் "ஜோடி ஜோடியா நில்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, "நீ என் ஜோடி" என்றாள். அவள் கையெல்லாம் புளியங்காய் ஈரம். எனக்குக் காதில் விழுந்தது 'ஜொதெ'. கன்னடத்தில் அதற்கு 'கூட', 'சேர்ந்து' என்று அர்த்தம். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் புரிந்த முதல் வார்த்தை அது. இன்றைக்கும் போனில் அவள் நம்பர் 'ஜோடி' என்றுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, அப்ப நான் யாரு என்கிறார்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
சண்டை வேண்டாம். கிட்டிப்புள்ளுக்கு உத்தி பிரிப்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரெண்டு பேர் தோள்மேல் கை போட்டுத் தள்ளிப் போய், நீ சிங்கம் நான் புலி என்று ரகசியமாகப் பேர் வைத்துக்கொண்டு வந்து, தலைவர்களிடம் "எது வேணும்?" என்பார்கள். ஜோடி கிடைக்காத பொடியன் ஒப்புக்குச் சப்பாணி. ரெண்டு பக்கமும் ஓடலாம், அவுட்டானாலும் கணக்கில்லை.

என் மாமா பையனுக்குப் போலியோவில் ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. அவனோடு யாரும் தோளில் கை போட்டதில்லை. அந்தச் சொல்லை அவனிடம் சொல்லவும் யாருக்கும் நா வரவில்லை. கடைசியில் நான்தான், "நீ அம்பயர்டா" என்றேன். மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்: "நம்ம ஆட்டத்துல அம்பயரே கெடையாதேடா?"

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அரூர்:
கூட்டாளி, ஜோடி எல்லாம் இருக்கட்டும். நம்மிடம் இல்லாத சொல்லா? கூடப் படித்தவர்களை 'ஒருசாலை மாணாக்கர்' என்றார்கள் உரையாசிரியர்கள். ஒருவர் தன் நூலுக்குத் தானே பாயிரம், அதாவது முன்னுரை, எழுதிக்கொள்ளக் கூடாது. அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், 'தன்னொடு கற்றோன்', மாணாக்கர், உரைகாரர் ஆகியோர் எழுதலாம் என்கிறது நன்னூல். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு கற்றவர் என்பது மரபு. அதாவது கூடப் படித்தவனுக்கு நம்மைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு. 'கிளாஸ்மேட்' என்பதில் இந்த உரிமை தெரிகிறதா? ஆகவே இளைஞர்கள் உடன்பயின்றோர், உடன்பணியாற்றுவோர் என்றே எழுதிப் பழகுங்கள். 'சக ஊழியர்' கூட வேண்டாம், 'சக' வடமொழி. பேச்சில் சோட்டாள் என்றாலும் சரி. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுப் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

என் அனுபவம் சின்னதுதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் சில்லறையை எண்ணிக் கையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தார். எட்டாம் வகுப்பு வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவன். "டேய்" என்று வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டு, "சார், உள்ள போங்க சார்" என்றான்.

பென்னாகரத்தான்:
ஐயா, உடன்பணியாற்றுவோர் என்று ஷிஃப்டில் கூப்பிட்டால் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். தேன்கனிக்கோட்டை அக்கா சொன்னது உறைத்தது. நேற்று டீ இடைவேளையில் அவனிடம் போய், "என்ன கூட்டாளி" என்றேன்.

டீயை ஊதிக்கொண்டே கேட்டான்: "எந்தத் திருட்டுக் கேஸ்ல?"