கடல் சூடானால் சீல்கள் இரையை மாற்றிக்கொள்ளும் என்றால், குட்டிகள் ஏன் மெலிந்து கரையொதுங்கின?

நெய்தல்வாசி (கேள்வி):

வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்குக் கடல் பாலூட்டிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கடல்நீர் சூடேறினால் சீல்கள் இரையையும் இரைதேடும் இடத்தையும் மாற்றிக்கொண்டு பிழைத்துக்கொள்கின்றன’ என்று ஒரு வரி எழுதினேன்; அதற்குமேல் பேனா நகரவில்லை. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அலாஸ்கா வளைகுடாவில் உருவாகி, மறு ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையை எட்டிய ‘பிளாப்’ என்னும் வெப்பநீர்ப் பரப்பு, வழக்கத்தைவிட 2.5 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக இருந்தது. 2015இன் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் கலிபோர்னியக் கரையில் 3,000க்கும் மேற்பட்ட கடற்சிங்கக் குட்டிகள் எலும்பும் தோலுமாக ஒதுங்கின. அதே மாநிலத்தின் கரையில் குட்டி ஈனும் வடபசிபிக் யானைச்சீல்களுக்கு அப்படியொரு கதி நேர்ந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. ஒன்று தன்னை மாற்றிக்கொண்டது, மற்றொன்று தவறிவிட்டது என்று எழுதிவிடலாமா?

பவளன்:

முதலில் ஒரு பெயர்த் திருத்தம். கடற்சிங்கம் உண்மையான சீல் அன்று. அதற்கு வெளியே தெரியும் சிறு காதுமடல் உண்டு. பின்துடுப்புகளை உடலுக்கு அடியில் மடக்கிக் கரையில் நடக்கவும் முடியும். யானைச்சீலுக்கு இரண்டும் இல்லை. வயிற்றை உந்தித்தான் நகரும். இரண்டும் துடுப்புக்காலிகள் என்னும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒரே கட்டுரையில் எழுதலாம், தவறில்லை. உங்கள் கேள்விக்கு என் விடை ‘ஆம்’ என்பதே. கடற்சிங்கம் கரையோர மத்தியையும் நெத்திலியையும் நம்பி வாழ்வது. அவை குறைந்தபோது வேறு இரைக்கு மாறத் தெரியாமல் பட்டினி கிடந்தது.

திசைகாட்டி:

பவளன் அவர்களின் பெயர்த் திருத்தம் சரி. ஆனால் ‘மாறத் தெரியாமல்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்தது அதற்கு நேர்மாறு.

தென் கலிபோர்னியாவின் சான் மிகுவெல் தீவில், பாலூட்டும் தாய்க் கடற்சிங்கங்கள் கரையில் விட்டுச் செல்லும் எச்சத்தைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து ஆராய்கிறார்கள். அதை நீரில் கரைத்துச் சல்லடையில் அலசினால், செரிக்காத இரண்டு பொருள்கள் தங்கும். ஒன்று, மீன்களின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லான செவிக்கல். மற்றொன்று, கிளி மூக்கைப் போல் வளைந்த கணவாயின் அலகு. செவிக்கல்லின் வடிவத்தையும் ஓரத்து வரிகளையும் பார்த்தே அது எந்த மீனுடையது என்று தேர்ந்த கண் சொல்லிவிடும். அந்தச் சல்லடையில் மத்தியும் நெத்திலியும் குறைந்துகொண்டே வர, ஊசிக்கணவாயும் பாறைமீன் குஞ்சுகளும் கூடிக்கொண்டே வந்தன. கவனியுங்கள், மத்தியின் சரிவு இந்த வெப்ப அலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. குட்டிகள் அளவுக்கு மீறி ஒதுங்கத் தொடங்கியதும் 2013 சனவரியிலேயே. ஆகவே பழியை முழுவதும் ‘பிளாப்’ மீது போட இயலாது.

இரையைத் தாய்கள் மாற்றிக்கொண்டன. அது கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். மத்தியிலும் நெத்திலியிலும் இருக்கும் கொழுப்பு கணவாயிலும் பாறைமீன் குஞ்சிலும் இல்லை. வயிறு நிறைந்தாலும் பால் நிறையவில்லை. தாய் நினைத்தால் தொலைவுக்குச் சென்று நல்ல இரை தேடலாமே என்றால், அதுவும் முடியாது. கடற்சிங்கம் சூன் மாதத்தில் ஈன்று, ஏறத்தாழ 11 மாதங்கள் பாலூட்டுகிறது. சில நாள்கள் கடலில் இரை தேடுவது, ஓரிரு நாள்கள் கரைக்கு வந்து பாலூட்டுவது, மறுபடி கடலுக்குப் போவது என்று அதன் பொழுது கழிகிறது. ஒரு பயணம் இரண்டு நாள் நீண்டால், கரையில் குட்டி அந்த இரண்டு நாளும் பட்டினி. நம் வழக்கில் சொன்னால் அது அன்றாடங்காய்ச்சி. அன்றைய கூலி அன்றைய உலைக்கு.

யானைச்சீலின் குடும்பக் கணக்கே வேறு. அது முதலில் களஞ்சியத்தை நிரப்பிக்கொண்டு, பிறகுதான் ஈனுகிறது. கோடைக்கு முன் தோலுரிந்து முடிந்ததும் கடலில் இறங்கும் தாய், ஏழெட்டு மாதங்கள் வடகிழக்குப் பசிபிக்கின் நடுக்கடலில் அலைந்து, குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் அன்யோ நுவேவோ போன்ற கடற்கரைகளுக்குத் திரும்பி ஈனுகிறது. அதன்பின் ஏறத்தாழ நான்கு வாரம் ஒரு மீனும் உண்ணாமல், உடலில் சேர்த்த கொழுப்பைப் பாலாக்கிக் கொடுக்கிறது. அந்த நான்கு வாரத்தில் தாயின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோகிறது. குட்டியோ பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று, நான்கு மடங்காகிறது. பாலூட்டும் காலத்தில் பக்கத்துக் கடலில் மத்தி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தத் தாய்க்கு அது பொருட்டே இல்லை.

கடலின் பக்கத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். வசந்தத்திலும் கோடையிலும் அந்தக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து வீசும் காற்று, மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் ஊட்டச்சத்துகளோடு மேலேறுகிறது. மேலே சூடான நீர் மூடிபோல் தடித்துக் கிடக்கும் ஆண்டில் மேலேறி வரும் நீரிலும் சத்துக் குறைவு. அதை உண்ணும் நுண்ணுயிர்கள் முதல் மீன் வரை எல்லாம் குறைகின்றன, அல்லது இடம் மாறுகின்றன.

நெய்தல்வாசி:

மிக்க நன்றி ஐயா. அன்றாடங்காய்ச்சி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளட்டுமா? மேலும் இரண்டு ஐயங்கள். அப்படியானால் யானைச்சீலுக்குக் கடல் சூடாவதால் கவலையே இல்லையா? கண்காணாத நடுக்கடலில், அதுவும் ஆழத்தில், அது கொழுக்கிறதா மெலிகிறதா என்பதை எப்படி அறிகிறார்கள்?

பவளன்:

என் முந்தைய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செவிக்கல் ஆதாரம் எனக்குத் தெரியாது. இரையை மாற்றவே இடமில்லாத சீலும் உண்டு என்பதை மட்டும் சேர்க்கிறேன். அண்டார்க்டிக்காவின் நண்டுண்ணிச் சீல், பெயருக்கு மாறாக நண்டு தின்பதில்லை. அதன் உணவில் மிகப் பெரும்பகுதி கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிரே. வாய் நிறைய நீரை எடுத்து, மடல் மடலாகப் பிளந்த பற்களின் இடுக்கில் நீரை வெளியேற்றிக் கிரிலை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடியில் ஒட்டிய பாசியை மேய்ந்து வளர்பவை. அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்கில் அந்தப் பனி நிலைக்கும் காலம் குறுகியிருக்கிறது. பல்லே சல்லடையாகிவிட்ட விலங்கு மீனுக்கு மாறுவது எளிதன்று.

திசைகாட்டி:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அது என் சொத்தன்று.

கவலை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ நிகழ்ந்த 1997–98 காலத்தில் அன்யோ நுவேவோவின் பெண் யானைச்சீல்கள் எடை கூடும் வேகம் வெகுவாகக் குறைந்தது, பயணங்களும் நீண்டன. களஞ்சியம் நிரம்பாமல் கரையேறும் தாயிடம் பாலுக்கு முதல் ஏது? தென்பெருங்கடலில் மேரியன் தீவின் தென்யானைச்சீல்களைக் கண்காணித்தபோது, நீர் சூடாக இருந்த இடங்களில் அவை இன்னும் ஆழமாக மூழ்கியது தெரிந்தது. இரை குளிர்ந்த நீரைத் தேடிக் கீழே போனால் சீலும் பின்தொடர்கிறது. ஆனால் மூச்சு அதே மூச்சுதான். இறங்கவும் ஏறவும் கூடுதல் நேரம் போனால், அடியில் வேட்டைக்கு மிஞ்சுவது குறைவு.

வடபசிபிக் பெண் சீல்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூர்மையானது. 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி அவை நாளொன்றுக்கு 20 மணி நேரத்துக்கும் மேலாக வேட்டையாடி, 10 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள சிறு மீன்களை 1,000 முதல் 2,000 வரை பிடிக்கின்றன. நல்ல ஆண்டிலேயே பாடு இவ்வளவு என்றால், கெட்ட ஆண்டில் கூடுதலாக உழைக்க நாளில் மணி ஏது?

எடையை அறிவது எப்படி என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தலைமுடியில் பசையால் ஒட்டிய சிறு கருவி ஆழத்தையும் வெப்பத்தையும் பதிந்துகொண்டே வரும்; தோலுரியும் காலத்தில் முடியோடு தானே உதிர்ந்துவிடும். கடலில் இருக்கும் மாதங்களில் யானைச்சீல் உறங்குவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரமே. அதையும் சிறு சிறு துண்டுகளாக, ஆழத்தில்தான் உறங்குகிறது. அப்போது நீந்துவதை நிறுத்திவிட்டு, மல்லாந்து, உதிர்ந்த இலைபோல் சுழன்றுகொண்டே மெல்லக் கீழே இறங்கும். கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகவே பயணத்தின் தொடக்கத்தில் மெலிந்திருக்கும் சீல் விரைவாக அமிழ்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல அமிழும் வேகம் குறைகிறது. நன்றாகக் கொழுத்த சில சீல்கள் கடைசி வாரங்களில் உறக்கத்திலேயே மேல்நோக்கி மிதக்கவும் தொடங்கிவிடுகின்றன. கருவியில் பதிந்த அந்த வேகத்தை நாள்வாரியாகக் கோடிட்டால், எந்த வாரத்தில் எந்தக் கடற்பகுதியில் அது கொழுத்தது என்பது தெரிந்துவிடும்.