டெனிஸ் டெய்லர் கண்ணாடியைத் தலைகீழாகவா மாட்டினார்?

கறுப்புப்பந்து:
நேற்று எட்டாம்பந்து இங்கே ஒருவருக்கு யோசனை சொல்லியிருந்தார்: “மேசையில் குச்சியால் பந்தைத் தட்டிப் பாக்கெட்டில் விழவைக்கிற ஸ்னூக்கருக்குத் தனிக் கண்ணாடி என்பது காசு பிடுங்கும் வேலை. டெனிஸ் டெய்லர் சாதாரணக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டுதான் உலக சாம்பியன் ஆனார், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐயா, அது தலைகீழ்க் கண்ணாடி இல்லை. ஸ்னூக்கர் வர்ணனையாளர் ஜாக் கார்னம் அவருக்கென்றே செய்து கொடுத்தது. லென்ஸ் புருவத்தைத் தாண்டி மேலே போகும், காதுக்கம்பி அடிப்பக்கமாக இணைந்திருக்கும், அதனால் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றியது. அவ்வளவுதான். உங்கள் கண்ணாடியைக் கவிழ்த்து மாட்டிப் பாருங்கள், மூக்கில் நிற்கிறதா என்று.

எட்டாம்பந்து:
லென்ஸ் மேலே, காதுக்கம்பி கீழே. எங்கள் ஊரில் இதற்குத் தலைகீழ் என்றுதான் பெயர், உங்கள் ஊரில் என்னவோ. அவர் ஜெயித்த 1985 உலக சாம்பியன் இறுதி ஆட்டத்தை நள்ளிரவு தாண்டியும் டிவியில் பார்த்த 1 கோடியே 85 லட்சம் பேருக்கும் தலைகீழாகத் தெரிந்தது உங்களுக்கு மட்டும் நேராகத் தெரிகிறது என்றால், கண்ணாடி தேவைப்படுவது யாருக்கு?

கண்ணாடிக்கடை_தம்பி:
அண்ணன்களே, நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். பேர் எதுவாகவும் இருக்கட்டும். தாடை க்யூவில், அதாவது ஆடுகிற குச்சியில், படுகிற அளவுக்குக் குனியும்போது முகம் மேசையைப் பார்க்கும், கண் மட்டும் மேலே ஏறி லென்ஸின் மேல் ஓரம் வழியாகப் பார்க்கும். சின்ன ஃபிரேம் என்றால் அந்த இடத்தில் லென்ஸே இருக்காது, விளிம்புதான் பந்தை மறைக்கும். அங்கே லென்ஸ் இருந்தாலும், அதன் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் பிம்பம் இடம் மாறும். மைனஸ் 4 பவரில் ஒன்றரை சென்டிமீட்டர் மேலே பார்த்தால் 6 ப்ரிஸம், அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் 6 சென்டிமீட்டர். அப்புறம் சாய்வு. சாதாரணக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும், ஸ்னூக்கர் கண்ணாடியின் மேல்பக்கம் நெற்றியை நோக்கிச் சாய வேண்டும்.

கறுப்புப்பந்து:
கேட்டுக்கொள்ளுங்கள். மையம் வேறு, சாய்வு வேறு, உயரம் வேறு. இத்தனையும் மாறிய பிறகு அது தனிக் கண்ணாடி. தலைகீழ் இல்லை.

எட்டாம்பந்து:
தம்பி, நன்றி. கீழ்ப்பக்கம் உள்ளே சாய்ந்ததைக் கவிழ்த்தால் மேல்பக்கம் உள்ளே சாயும். அதற்குப் பெயர் என்ன? த லை கீ ழ். நான் ஒரே வரியில் சொன்னதை நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த 6 சென்டிமீட்டரும் எல்லாப் பந்துக்கும் சேர்ந்தேதான் நகரும், பாக்கெட்டும் கூடவே நகரும். அப்புறம் என்ன பயம்?

கண்ணாடிக்கடை_தம்பி:
இரண்டு கண்ணிலும் ஒரே பவர் என்றால் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. ஒன்று மைனஸ் 4, இன்னொன்று மைனஸ் 2 என்று இருந்தால் இரண்டு பிம்பமும் வேறு வேறு அளவு நகரும். ஒரு பந்து இரண்டாகத் தெரிய ஆரம்பிக்கும்.

பழைய_க்யூ:
நான் 30 வருடமாகச் சாதாரணக் கண்ணாடியோடுதான் பூல் ஆடுகிறேன், எனக்கு ஒரு பந்தும் இரண்டாகத் தெரிந்ததில்லை.

கறுப்புப்பந்து:
ஐயா, பூல் மேசை 9 அடி, ஸ்னூக்கர் மேசை 12 அடி. உங்கள் பந்து 57 மில்லிமீட்டர், எங்களுடையது 52 அரை. நீங்கள் நிமிர்ந்து நின்றுகொண்டே ஆடுகிறவர், நானே பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து ஆடுகிறவருக்குக் கண்ணாடி எதற்கு, குடை போதும்.

பழைய_க்யூ:
வயதில் மூத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஃப்ரெட் டேவிஸ் லென்ஸைச் சாய்க்கிற மாதிரிக் கீல் வைத்த கண்ணாடி போட்டு ஆடினாரே, தெரியுமா? டெய்லர் பிறப்பதற்கு முன்பே அவர் உலக சாம்பியன். உங்களுக்கு ஸ்னூக்கரே 1985இல்தான் தொடங்கியது போலிருக்கிறது.

கறுப்புப்பந்து:
தெரியும். அதுவும் தலைகீழ் இல்லை.

க்யூபால்_குமார்:
எனக்கு வயது 47, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறுகிற ப்ரோக்ரசிவ் போட்டிருக்கிறேன். குனிந்தால் ஓரமெல்லாம் அலை அலையாகத் தெரிகிறது, தலையைக் கொஞ்சம் தூக்கினால் க்யூ பால் (குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்து) மங்குகிறது. எந்த ஃபிரேம் எடுக்கலாம்?

எட்டாம்பந்து:
குமார், முதலில் க்ளப்பில் ஒரு ஃபிரேமாவது எடுங்கள், ஒரு ஆட்டமாவது ஜெயியுங்கள் என்கிறேன், மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

கண்ணாடிக்கடை_தம்பி:
குமார் சார், விளையாட்டுக்கு ப்ரோக்ரசிவ் வேண்டாம். ஒரே பவர் லென்ஸ், உயரமான ஃபிரேம், விளக்கு வெளிச்சம் அடிக்காமல் இருக்க ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன். க்யூவைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். ஆடுகிற மாதிரியே குனிந்து நின்று, கண்மணி லென்ஸில் எங்கே வருகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். நிற்கவைத்து அளந்தால் வீண். கான்டாக்ட் லென்ஸ் போட்டால் சாய்வுத் தொல்லையே இல்லை, ஆனால் ஏசி அறையில் கண் சிமிட்டாமல் குறி பார்க்கும்போது காய்ந்துபோகும்.

கறுப்புப்பந்து:
தம்பி சொன்னதில் ‘தலைகீழ்’ என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா? தேடிப் பாருங்கள்.

நீலகிரியான்:
இவ்வளவு சண்டையிலும் ஸ்னூக்கர் பிறந்ததே எங்கள் ஊட்டியில் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கறுப்புப்பந்து:
பிறந்தது ஜபல்பூரில், 1875. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி, ராணுவ மெஸ். ஊட்டி க்ளப்பில் 1882இல் விதிகளை எழுதி மாட்டினார்கள், அவ்வளவுதான்.

நீலகிரியான்:
விதி இல்லாமல் ஆடினால் அது ஆட்டமா, கோலிக்குண்டா? விதி எழுதிய இடம்தான் பிறந்த இடம்.

எட்டாம்பந்து:
கறுப்புப்பந்துவுக்கு எல்லாமே ‘அவ்வளவுதான்’. டேபிள் காசு கேட்டால் மட்டும் ‘அப்புறம்தான்’. போன மாதம் என்னிடம் இரண்டு ஃபிரேம் தோற்றுவிட்டுக் கொடுக்காமல் கிளம்பியது யார்?

கறுப்புப்பந்து:
அந்த இரண்டாவது ஃபிரேமில் கறுப்பைத் தொட்டது உங்கள் சட்டைக் கை. ஃபவுல். க்ளப்பில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதை ஒத்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்கிறேன். கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். 8-0 என்று பின்தங்கி, கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில், அப்போதைய உலக சாம்பியன் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று ஜெயித்த மனிதர், கண்ணாடியைக் கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவர் என்கிறீர்களா?

எட்டாம்பந்து:
ஒழுங்காகத்தான் மாட்டினார். தலைகீழாக.

கறுப்புப்பந்து:
இல்லை.

க்யூபால்_குமார்:
தம்பி, உங்கள் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

நீலகிரியான்:
ஜபல்பூரில் மாட்டினார்களா ஒரு விதிப் பலகை?